காரணம் தெரியாத கொக்கி

சரளைக் குழியில் சுட்டுக் காட்டாத துப்பாக்கி மறுநாள் வேட்டைக்கு வரக் கூடாது. ஒசன்டோவ்ஸ்கி குடும்பத்தில் வேறு எதை வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம். இதைப் பற்றி மட்டும் பேச்சுக்கே இடமில்லை. நவம்பர் பதினைந்து விடிந்தால் மான் வேட்டை. முந்தின நாள் மத்தியானம், மூத்தவன் க்ளெமின் சர்க்கரைக் கிழங்கு வயலுக்குப் பின்னால் உள்ள குழியில் எல்லாரும் கூடுவார்கள். மணல் மேட்டில் ஓர் அட்டை நட்டிருக்கும். அவரவர் துப்பாக்கியால் மூன்று முறை சுட வேண்டும். க்ளெம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பான். அவன் தலையசைத்தால் அந்தத் துப்பாக்கிக்கு மறுநாள் ஓர் இடம் உண்டு.

இடம் என்றால் காட்டின் ஓரத்தில் நிற்கும் இடம். கூட்டத்தில் பாதிப் பேர் வெறும் கம்போடு புதருக்குள் வரிசையாக நடந்து மான்களைக் கிளப்புவார்கள். மீதிப் பேர் எதிர் ஓரத்தில் துப்பாக்கியோடு நிற்பார்கள். க்ளெமின் தம்பி நார்பர்ட் ஆறு வருஷமாகக் கம்போடு நடக்கிறவன். கிழங்கு வாரும் இயந்திரத்தின் சங்கிலி அறுந்து வலது கண்ணில் அடித்ததிலிருந்து அவனுக்கு நிற்கும் இடம் கிடைக்கவில்லை. யாரும் அவனைத் தடுக்கவில்லை. இடது தோளில் வைத்துச் சுடக் கற்றுக்கொண்டான், குறியும் வந்தது. ஆனால் அவனிடமிருந்த புதுத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தான் வலது கைக்காரனுக்கென்று வைத்தது. மான் வந்து நிற்கும் நேரத்தில் அவன் விரல் பொத்தானைத் தேடும். குழியில் இரண்டு தடவை அப்படித் தேடிக்கொண்டு நின்றதைக் க்ளெம் பார்த்துவிட்டான். தலை அசையவில்லை.

இந்த வருஷம் நார்பர்ட் ஒரு பண்ணை ஏலத்தில் கிழத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தான். முதல் உலகப் போருக்கு முன்னால் செய்த பம்புத் துப்பாக்கி. குழலுக்குக் கீழே உள்ள மரப்பிடியைப் பின்னால் இழுத்தால் காலிக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். அதை டெல்ஃபினின் வேலைமேசையில் ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினான்.

"பொத்தானே இல்ல, பாத்தியா? சுத்தியல் மாதிரி அடிக்கிற குதிரை வெளிய நிக்குது. கட்டைவிரலால இழுத்தாப் போதும். இடது கைக்கும் அதுதான், வலது கைக்கும் அதுதான்."

டெல்ஃபின் அவன் மனைவி. ஊரில் வார்ப்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் எஃகை முடியளவு துல்லியமாகக் கடைகிறவள். வீட்டுக் கொட்டகையிலும் ஒரு சிறு கடைசல் இயந்திரம் வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்தத் துப்பாக்கி சண்டித்தனம் செய்தாலும் இந்த மேசைக்குத்தான் வரும்.

அவள் துப்பாக்கியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னம் கட்டையில் பதிந்ததும், வெடி நடக்கும் இடத்தின் பின்பக்கம் அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எல்லாத் துப்பாக்கியிலும் அப்படித்தான். ஆனால் இங்கே கொண்டுவந்து வைக்க நார்பர்ட்டிடம் ஒரு கண்தான் மிச்சம்.

"ஒவ்வொண்ணா பாத்துத்தான் சொல்லுவேன்," என்றாள். "முடியாதுன்னா முடியாதுதான். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"இருக்கிற மூஞ்சி ஒண்ணுதான். அதை எங்க தூக்கி வைக்க?"

அவர்கள் ஊர்ப்பக்கம் நிலம் மேசைபோலத் தட்டை. ரைஃபிள் குண்டு குறி தவறினால் அடுத்த பண்ணையின் சமையலறை வரைக்கும் போய்விடும். அதனால் மானுக்கு இந்த வகைத் துப்பாக்கிதான். அதிலும் சிதறும் ரவை போடாமல் ஒற்றைக் குண்டு. விரல் பருமனில் ஈயக்கட்டி. கனமாகப் போய், கனமாக அடித்து, சீக்கிரமே தரைக்கு இறங்கிவிடும். ஆனால் இந்தக் கிழத் துப்பாக்கியைச் செய்தவர்கள் வாத்துக்கும் முயலுக்கும் ரவை போடத்தான் செய்தார்கள். அதில் ஒற்றைக் குண்டு போகலாமா என்பதுதான் கேள்வி.

அவள் முதலில் குழலைக் கழற்றி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மரக்கட்டையால் தட்டினாள். கோயில் மணிபோல நெடுநேரம் அதிர்ந்தது. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். அடுத்து, தோட்டா இல்லாத வெறும் ஈயக் குண்டு ஒன்றை அறைப்பக்கத்தில் வைத்து மரக்குச்சியால் தள்ளினாள். ரவை சிதறாமல் போவதற்காகக் குழலின் வாய் கடைசியில் கொஞ்சம் குறுகியிருந்தது. குண்டின் உடம்பைச் சுற்றி மெல்லிய வரம்புகள் இருந்தன. குறுகிய வாய் வந்ததும் அந்த வரம்புகள் மட்டும் நசுங்கி வழிவிட, குண்டு பிதுங்கி வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. அது நசுங்குவதற்கென்றே வைத்த ஈயம். குண்டு கடினமாக இருந்திருந்தால் வாய்தான் பிளந்திருக்கும்.

அவள் மூன்றாவதாகத் தோட்டா உட்காரும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது க்ளெம் வந்தான். காப்பியைக் கேட்காமலே ஊற்றிக்கொண்டு மேசையோரம் சாய்ந்தான்.

"நூறு வயசுக் கிழவியைக் கூட்டிட்டு வந்து கல்யாண வீட்டுல ஆடச் சொல்றான் என் தம்பி."

"உன்னைவிட நல்லா ஆடுவா, அண்ணே," என்றான் நார்பர்ட். "உன் முட்டி சத்தம் போடும். அவ சத்தம் போட மாட்டா."

க்ளெம் தன் பையிலிருந்து ஒரு கடைத் தோட்டாவை எடுத்து அறைக்குள் விட்டான். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "வெண்ணெய் மாதிரி போகுது. இதுக்கு மேல என்ன அளவு பாக்குறே, டெல்?"

"போகும். உள்ள போறதுல தப்பில்ல," என்றாள் டெல்ஃபின். குப்பைத் தொட்டியில் கிடந்த, ஏற்கெனவே சுட்ட காலிக் கூடு ஒன்றை எடுத்தாள். அதே நிறுவனம், அதே நிறம். "இப்ப இதைப் போட்டுப் பாருங்க."

க்ளெம் தள்ளினான். கூடு கடைசியில் ஒரு பருப்பு அகலத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி வந்துவிட்டது. எதையாவது புரியவைக்கும்போது மட்டும் அவள் கைகள் தாமாகவே ஆடும்.

"தோட்டாவோட வாயைக் காகிதப் பை மாதிரி உள்பக்கமா சுருட்டி மூடியிருக்காங்க. அதனால பாக்க குட்டை. சுட்டதும் அந்தச் சுருட்டு விரியுது. விரிஞ்சா நீளம். அந்தக் காலத்துல தோட்டாவே குட்டை, அறையும் குட்டையாத்தான் வெட்டியிருக்காங்க. இதுல இன்னிக்கித் தோட்டாவைப் போட்டா, விரியற வாய்க்கு இடமில்ல. அது குழலோட கழுத்துல போய் நிக்கும். அதே நேரம் குண்டு அந்தக் கழுத்து வழியாத்தான் வெளிய வரணும். பாதி சாத்தின கதவுல கூட்டம் முண்டுற மாதிரி. அழுத்தம் எங்க போகும்?"

"பின்னால," என்றான் நார்பர்ட் மெதுவாக.

"உன் மூஞ்சிக்கு."

க்ளெம் தன் தோட்டாவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். இருந்தாலும் அவள் விடவில்லை. வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் ஓர் உலோகத்தை அறைக்குள் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தாள். அறையின் வடிவம் வெள்ளிக் கட்டையாக மேசையில் நின்றது. கழுத்துச் சரிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அதன் அளவை, அவரைப் பயறு சேமிக்கும் கிடங்கில் வேலை பார்க்கும் எல்ராயிடம் கொடுத்தாள். பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா அடைப்பது அவன் பொழுதுபோக்கு. குட்டைக் கூட்டில், சாதுவான வெடிமருந்தில், ஒற்றைக் குண்டு வைத்து ஒரு பெட்டி அடைத்துத் தந்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த சாயங்காலம்தான் அந்தக் கொக்கித் தகராறு வந்தது.

காலித் துப்பாக்கியில் குதிரையை இழுத்து, விசையை அழுத்தி, 'டிக்' என்று விழவிட்டு, பிடியைப் பின்னால் இழுத்தான் நார்பர்ட். வரவில்லை. பலமாக இழுத்தான். சுவரை இழுத்தது போலிருந்தது. வெறுத்துப்போய்க் கையைத் தளர்த்தியபோது பிடி தற்செயலாக மயிரிழை முன்னால் போனது; உடனே பட்டென்று திறந்துகொண்டது.

"சிக்குது," என்றான். "எண்ணெய் போடட்டுமா?"

அவன் எதற்கும் எண்ணெய்தான் போடுவான். துருப்பிடித்த நட்டுகளைக் கழற்ற விடும் எண்ணெய்க் குப்பி எப்போதும் அவன் மேல்சட்டைப் பையில் இருக்கும். கதவுக் கீல், கடிகாரம், ஒரு தடவை மாதா கோயில் பெஞ்சுக்குக்கூடப் போட்டு, பாதிரியாரின் அங்கி கறையாகி வீட்டுக்கு ஆள் வந்தது.

"எண்ணெய்க்குக் கேக்காது அது," என்றான் க்ளெம். "என் மாமனார் குடுத்ததும் இதே துப்பாக்கிதான், அதுலயும் இதே தொல்லை இருந்துச்சு. உள்ள ஒரு சின்னக் கொக்கி இருக்கு. அரத்தை எடுத்து ரெண்டு இழு இழுத்தேன். இருபது வருஷம் ஆச்சு. வெண்ணெய்."

"உங்களுக்கு எல்லாமே வெண்ணெய்தான்," என்றாள் டெல்ஃபின். அவர்களை அனுப்பிவிட்டுத் துப்பாக்கியைப் பிரித்தாள்.

கொக்கி கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. ஒரு வில்கம்பி அதை அழுத்திக்கொண்டிருந்தது. அரத்தைக் கையில் எடுத்தவள், வழக்கம்போல, வெட்டுவதற்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று பார்த்தாள். பிடியை இழுத்தால் கொக்கி இன்னும் இறுகியது. இழுக்க இழுக்கப் பூட்டு பலமானது. முன்னால் ஒரு துளி தள்ளினால் மட்டும் வில் அதைத் தூக்கிவிட்டது. அப்படியென்றால் சுடும்போது யார் முன்னால் தள்ளுகிறார்கள்? யாரும் தள்ளுவதில்லையே!

அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் நடந்தாள். கிழங்கு ஏற்றிய லாரி திடீரென்று கிளம்பினால் மேலே உள்ள கிழங்குகள் பின்பக்கமாக உருளும். உண்மையில் கிழங்கு நின்ற இடத்தில்தான் நிற்கிறது. லாரிதான் அதன் அடியிலிருந்து ஓடுகிறது. அவள் சட்டென்று நின்றாள். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிடியோ நழுவுகிற மரத்துண்டு. நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. துப்பாக்கி பின்னால் போக, பிடி ஒரு மயிரிழை முன்னால் போனதாகிவிடுகிறது. அந்த மயிரிழை போதும், கொக்கி விடுபட. உதைதான் சாவி!

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மின்சாரம் கிடையாது, மூளை கிடையாது. ஓர் இரும்புத் துண்டும் ஒரு வில்லும். ஆனால் இந்தத் துப்பாக்கிக்குத் தான் உதைத்தோமா இல்லையா என்பது தெரியும். உதைத்தால்தான் திறப்பேன் என்கிறது.

எப்படி என்பது புரிந்துவிட்டது. எதற்கு என்பதுதான் புரியவில்லை. குதிரை விழுந்துவிட்டது, தோட்டா வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்? வெடிக்காவிட்டால் அது செத்த தோட்டா. செத்ததைத் திறக்க எதற்கு இத்தனை கெடுபிடி?

"என்னாச்சு, இழுத்துட்டியா?" படுக்கப் போகும்போது நார்பர்ட் கேட்டான்.

"இல்ல. இழுக்க மாட்டேன்."

"க்ளெம் இருபது வருஷமா சுடுறான்."

"தெரியும். அந்தக் கொக்கியைச் செய்ய எவனோ ஒருத்தன் மாசக்கணக்குல மண்டையை உடைச்சிருக்கான், நார்ப். அவன் ஏன் வெச்சான்னு எனக்குத் தெரியல. தெரியாததை நான் வெட்ட மாட்டேன்."

"நாளைக் கழிச்சு மான் முன்னால நின்னு நான் இழுத்து, வரலேன்னா?"

"சுட்டா வரும். சுடாம 'டிக்'குன்னு மட்டும் கேட்டா வராது. அப்ப முன்னால தள்ளிட்டு இழு."

"இருபது வருஷப் பழக்கம், டெல். 'டிக்'குன்னா கை தானா இழுக்கும்."

"கையை மாத்திக்கோ."

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினான்காம் தேதி மத்தியானம் குழியில் பத்துப் பன்னிரண்டு பேர். ஆரஞ்சு நிறக் கோட்டுகள், கெட்டிலில் அவரைச் சூப்பு, லாரியின் பின்பலகையில் பூண்டு மணக்கும் தொத்திறைச்சி. ஒவ்வொருவராகச் சுட்டு முடித்தார்கள். நார்பர்ட்டின் முறை வந்தபோது டெல்ஃபின் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஒரு பழைய டயரில் துப்பாக்கியை வைத்துக் கட்டினாள். விசையில் நீளமாக ஒரு கயிறு கட்டினாள். தன் கோட்டுப் பையிலிருந்து எல்ராயின் தோட்டா ஒன்றை எடுத்துப் போட்டு, குதிரையை இழுத்துவிட்டு, எல்லாரையும் லாரிக்குப் பின்னால் போகச் சொன்னாள்.

"தம்பி பொண்டாட்டி நாய்க்குச் சங்கிலி கட்டியிருக்கா," என்றான் க்ளெம். சிரிப்பு எழுந்தது. லாரிக்குப் பின்னால் போகவேண்டும் என்பதில் மட்டும் யாரும் வாக்குவாதம் செய்யவில்லை.

கயிற்றை இழுத்தாள். குழி அதிர்ந்தது. மணல் மேட்டில் ஒரு பிடி மண் எழும்பி விழுந்தது. ஓடிப்போய் காலிக் கூட்டைப் பார்த்தாள்: வீக்கமில்லை, கிழிசலில்லை. பித்தளை அடியின் நடுவில், குதிரை அடித்ததும் பொறி தரும் பொட்டு தட்டையாகவில்லை, அழுத்தம் மிதம்தான். இன்னொன்றும் அப்படியே சுட்டாள். அதுவும் சுத்தம்.

"வா," என்றாள் நார்பர்ட்டிடம். "பிளாஸ்டிக் கண்ணாடியைப் போட்டுக்கோ. ஒரு தோட்டாதான் போடணும். இழுக்கும்போது விசையிலிருந்து விரலை எடுத்துடணும்; இந்தக் கிழவிகிட்ட விசையை அமுக்கிட்டே பிடியைத் தள்ளினா தானாவே சுட்டுடும். என்ன ஆனாலும் குழல் மணலை மட்டும் பாக்கணும். என்ன ஆனாலும். வானமே இடிஞ்சு விழுந்தாலும்."

"சரிங்க டீச்சர்."

அவன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டான். இடது தோளில் கட்டையை வைத்தான். கன்னம் பதிந்தது. இருந்த ஒரு கண் குழலின் மேல் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் குதிரையைப் பின்னுக்கு இழுத்தது, தேடவில்லை, தடவவில்லை. க்ளெமின் கை கட்டு தளர்வதை டெல்ஃபின் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

டிக்.

வெடிக்கவில்லை. 'டிக்' என்ற சத்தம் அடங்குவதற்குள் நார்பர்ட்டின் கை, இருபது வருஷப் பழக்கத்தில், பிடியைப் பிடித்துப் பின்னால் வெட்டி இழுத்தது. பிடி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். சுவர்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல—" என்று க்ளெம் வாயைத் திறந்தான்.

துப்பாக்கி வெடித்தது.

தானாக வெடித்தது. யாரும் விசையைத் தொடவில்லை. நார்பர்ட் ஓரடி பின்னால் தள்ளாடினான். அட்டைக்குக் கீழே மணலில் மண் பறந்தது. குழல் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. எதிரொலி கிழங்கு வயலைத் தாண்டிப் போய் அடங்கியது. சூப்புக் கரண்டியோடு ஒருவன் அப்படியே நின்றான்.

டெல்ஃபின் நேராக அவனிடம் போனாள். அவன் கன்னத்தைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். கண் இருந்தது. பழுப்பு நிறத்தில், அகலத் திறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் எதையும் தொடல," என்றான் நார்பர்ட். "டெல், சத்தியமா தொடல."

"தெரியும். துப்பாக்கியைக் குடு."

துப்பாக்கி இன்னும் பூட்டித்தான் இருந்தது. அவன் விடாமல் இழுத்துக்கொண்டிருந்ததால், உதை வந்தபோதும் பிடியால் முன்னால் போக முடியவில்லை. அவள் பிடியை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினாள். பட்டென்று திறந்தது. காலிக் கூடு புகையோடு வெளியே வந்து விழுந்தது.

அவள் அதை உடனே எடுக்கவில்லை. நார்பர்ட்டின் சட்டைப் பையில் கைவிட்டு மீதித் தோட்டாக்களை எடுத்தாள். பித்தளை பளபளத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மாதா கோயில் பெஞ்சு வாசனை.

"நார்பர்ட் ஒசன்டோவ்ஸ்கி! தோட்டாவுக்கு எண்ணெய் போட்டியா?"

"சிக்காம ஓடட்டுமேன்னு... நேத்து ராத்திரி. லேசாத்தான். துணியால தொடச்சு, ஊறட்டும்னு அடுக்கி வெச்சேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த எண்ணெயின் வேலையே இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே நுழைவதுதான். தோட்டாவின் பின்புறத்தில் பொட்டைச் சுற்றி மயிரிழை இடுக்கு உண்டு. இரவு முழுக்க அதன் வழியாக ஊறிப் பொட்டுக்குள் போயிருக்கிறது. குதிரை அடித்தபோது பொட்டு ஒரேயடியாகப் பற்றவும் இல்லை, அணையவும் இல்லை. ஈர விறகுபோலக் கொஞ்ச நேரம் கனன்று, அப்புறம்தான் மருந்தைப் பிடித்திருக்கிறது.

அந்தக் கொஞ்ச நேரம்!

டெல்ஃபின் தரையில் கிடந்த கூட்டையும் கையிலிருந்த துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நார்பர்ட் பிடியை இழுத்தான். பிடி வந்திருந்தால், கனன்றுகொண்டிருந்த தோட்டா அறையிலிருந்து பாதி வெளியே வந்திருக்கும். சுற்றிலும் எஃகு இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் கூடாக, அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு சாணில் வெடித்திருக்கும். பிளாஸ்டிக் கண்ணாடி என்ன செய்திருக்கும்?

எதற்கு என்று கேட்டாளே, இதற்குத்தான்.

முதல் உலகப் போருக்கு முன்னால், எங்கோ ஒரு பட்டறையில், முகம் தெரியாத ஒருவன் மேசை முன்னால் உட்கார்ந்து இந்த மத்தியானத்தை யோசித்திருக்கிறான். தோட்டா தாமதிக்கலாம் என்று யோசித்திருக்கிறான். சுடுகிறவன் பொறுக்க மாட்டான், இழுப்பான் என்பதையும் யோசித்திருக்கிறான். பயந்தால் இன்னும் பலமாக இழுப்பான் என்றுகூட யோசித்து, இழுக்க இழுக்க இறுகும்படி வைத்திருக்கிறான். 'பொறு' என்று எழுதி ஒட்டினால் யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் அந்தப் பொறுமையை இரும்பில் வெட்டி உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சற்று முன்னால் அவன்தான் நார்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வழக்கமாக ஆடும் கைகள் ஆடவில்லை. கிழங்கு லாரியைப் பற்றி, உதையைப் பற்றி, கொக்கியைப் பற்றித் தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். இருந்தும் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. துப்பாக்கி கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் பிடியை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு முன்னால் ஒரு துளி தள்ளிப் பார்த்தார்கள். பட். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை வாங்கினார்.

"எங்கிட்ட எண்ணெய் படாதது நாலு இருக்கு," என்றாள் டெல்ஃபின் நார்பர்ட்டிடம். "இன்னிக்கு வேணாம்னாலும் சரி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நார்பர்ட் அவள் உள்ளங்கையிலிருந்த தோட்டாக்களைப் பார்த்தான். தன் சட்டைப் பையிலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"இதை நீ வெச்சுக்கோ," என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கண்ணை வைக்கலாமா, டெல்?"

எல்லாம் பார்த்தாயிற்று என்று நேற்று நினைத்தவள்தான். தோட்டாவைப் பார்க்கவில்லை. இப்போது நான்கையும் ஒவ்வொன்றாக முகர்ந்தாள், பொட்டை நகத்தால் தடவினாள், வெளிச்சத்தில் திருப்பினாள்.

"வைக்கலாம்," என்றாள். "'டிக்'குன்னு கேட்டா?"

"மணலைப் பாத்துட்டு நிப்பேன். நீ சொல்ற வரைக்கும் நிப்பேன். கிறிஸ்துமஸ் வந்தாலும் நிப்பேன்."

அவன் சுட்டான். வெடித்தது, பிடி தானாகக் கைக்கு வந்தது. மறுபடி சுட்டான். மறுபடி. ஒவ்வொரு முறையும் உதை வந்து, கொக்கி விட்டு, கூடு விழுந்தது. அட்டையில் மூன்று ஓட்டைகள், ஓர் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய நெருக்கத்தில்.

எல்லாரும் க்ளெமைத் திரும்பிப் பார்த்தார்கள். க்ளெம் இருந்த இடத்தில் இல்லை.

அவன் தன் லாரியின் முன்கதவைத் திறந்துகொண்டிருந்தான். மாமனார் கொடுத்த துப்பாக்கியோடு வந்தான். நடக்கும்போதே அதைத் திறந்து, உள்ளே எதுவும் இல்லை என்று விரலை விட்டுத் தடவிக் காட்டினான். பிறகு மூடி, மணலைப் பார்த்துக் குதிரையை விழவிட்டுப் பிடியை இழுத்தான். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு முறை இழுத்தான். வெண்ணெய் மாதிரிதான் வந்தது.

"என் மகன் போன வருஷம் இதைத்தான் எடுத்துட்டுப் போனான்," என்றான். யாரிடம் என்று இல்லாமல் சொன்னான்.

துப்பாக்கியை டெல்ஃபினிடம் நீட்டினான். "அந்தக் கொக்கியை மறுபடி செய்ய முடியுமா?"

"நார்ப்போடதைப் பாத்து அளவு எடுக்கணும். பதமான எஃகு வேணும். நாளைக்குள்ள ஆகாது."

"நாளைக்கு வேணாம்." க்ளெம் குனிந்து, லாரிச் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்த கம்பை எடுத்தான், வருஷா வருஷம் நார்பர்ட் பிடித்து நடக்கும் கம்பு. உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று தரையில் ஊன்றிப் பார்த்தான்.

"டேய், கிழக்கு ஓரத்துல ஓடை வளையுற இடம். அங்க நில்லு," என்றான் தம்பியிடம். "நான் உள்ள இருந்து கிளப்பிட்டு வரேன். முட்டி சத்தம் போடும். அதைக் கேட்டே மானெல்லாம் உங்கிட்ட ஓடி வந்துரும்."

ஓடை வளையும் இடம் எப்போதும் க்ளெமின் இடம். நார்பர்ட் என்னவோ சொல்ல வந்தான். க்ளெம் கேட்காதவன்போலச் சூப்புக் கெட்டில் பக்கம் நடந்துவிட்டான்.

டெல்ஃபின் இரண்டு துப்பாக்கிகளையும் லாரியின் பின்பலகையில் அருகருகே கிடத்தினாள். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கிழவியின் பிடியை மெல்லப் பின்னால் இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.